பிஸ்கட் டப்பா

"எதைத் தேடுகிறீர்கள் என்று சொன்னால் நானே எடுத்துத் தருவேனே, ஐயா" என்றார் அந்த அம்மாள். "ஓரமாக நில்லுங்கள் அம்மா, கிடைத்தால் தெரியும்" என்றேன். போலீஸ் பணிக்காலத்தில் இதைவிடக் கடுமையாக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் மறந்துவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை.

தேடியது கிணற்று மோட்டாரின் செம்பு வயர். ஒரே வாரத்தில் நான்கைந்து தோட்டங்களில் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இன்ன வீட்டில் இருக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னான். ஞாயிற்றுக்கிழமை. மாஜிஸ்திரேட்டைத் தேடிப்போய் வாரண்ட் வாங்கி வருவதற்குள் மேலுறையை எரித்துவிட்டுச் செம்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருப்பார்கள். எரித்த செம்பைத் தன்னுடையது என்று எந்த விவசாயியாலும் அடையாளம் காட்ட முடியாது. இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165வது பிரிவு, வாரண்ட் இல்லாமலே உள்ளே போக விட்டது. அவசரம் பொய்யில்லை.

ஆனால் ஏன் நம்புகிறாய், எதைத் தேடப்போகிறாய் என்று போவதற்கு முன்பே எழுதச் சொன்னதும் அதே பிரிவுதான். நகல் உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் எழுதியது திரும்பி வந்த பிறகு. 'நம்பத்தகுந்த தகவலின்பேரில்' என்று ஸ்டேஷன் ரைட்டரின் கை தானாகவே தொடங்கிவிடும். முன்பே உட்கார்ந்து எழுதியிருந்தால், தகவல் சொன்னவனுக்கும் அந்த வீட்டுக்கும் வரப்புத் தகராறு என்பது நினைவுக்கு வந்து பேனா நின்றிருக்குமோ? நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பகையாளிதான் பக்கத்து வீட்டை உற்றுக் கவனிப்பான். தகவலும் சரியாகவே இருந்தது: மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில், இரண்டு சுருள்.

என் உறுத்தல் கொட்டகையில் இல்லை. அதற்கு முன் வீட்டுக்குள் கழிந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது. பொருளின் பெயரைச் சொன்னால் உஷாராகிவிடுவார்கள் என்று சொல்லாமலே தேடுவது எங்கள் பழக்கம். கூட வந்த காவலர் அரிசி டிரம்மைக் கிளறினார், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார், மாடத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவையும் திறந்தார். அந்தக் கனத்த வயர்ச்சுருள் பிஸ்கட் டப்பாவில் எப்படி இருக்கும்? நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே இருந்த ஒரு அடகுச் சீட்டை எடுத்து அவர் உரக்கப் படித்தார்: சங்கிலி, 3 பவுன். சாட்சிக்கு வந்த கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் கேட்டார்கள். நாங்கள் தில்லுமுல்லு செய்யாமல் இருக்கத்தான் உள்ளூர்ச் சாட்சி. அன்று அவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களாகிப்போனார்கள்.

வாசலில் மருமகள் நின்றிருந்தாள். "என் சங்கிலியா, அத்தை?" என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், எந்த நேரத்தில் எழுதினீர்கள் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அதற்காக மட்டும் வயரைத் தள்ளியிருக்க மாட்டார்கள். முறைதவறிய சோதனையில் கிடைத்தது என்பதாலேயே ஒரு சான்று செல்லாமல் போகாது என்று பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1961இல் வந்த மேப் வழக்குக்குப் பிறகு மாநில நீதிமன்றங்களும் அப்படிக் கிடைத்ததைப் பொதுவாக ஏற்பதில்லை. அந்த அமெரிக்க வழி சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் பாய்ச்ச வழியில்லாமல் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தவன் நான். ஆனால், எதைத் தேடுகிறோம் என்பதை முதலிலேயே எழுது என்று ஏன் வைத்தார்கள் என்பது அந்த டப்பா திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அல்லது, இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

2024 ஜூலையிலிருந்து, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டப்படி, சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், செல்போனிலாவது. அன்று அது இருந்திருந்தால் அந்த அம்மாளின் கேள்வி பதிவாகியிருக்கும், என் பதிலும்தான். கைப்பற்றியதை எழுதிய எங்கள் மகஜரில் இருப்பது இரண்டு சுருள் வயர், நான்கு கையெழுத்து. சீட்டைக் காவலர் டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டார். கைப்பற்றாத பொருளை மகஜரில் எழுதும் வழக்கமில்லை.