600-க்கு 447, 500-க்கு 385: ஜோசா சரிபார்ப்பில் பட்ட பாடு

தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் 97-க்கு மேல் பர்சென்டைல் (எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை எட்டினான் அல்லது முந்தினான் என்ற கணக்கு) வாங்கிய மாணவன், மாநில வாரியத்தின் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 447 மட்டும் எடுத்திருந்தால், என்.ஐ.டி. (தேசிய தொழில்நுட்பக் கழகம்) போன்ற மத்திய நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வில் என்னென்ன நேரும் என்பதை என் மகன் விஷயத்தில் முழுமையாகப் பார்த்துவிட்டோம். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது கைநழுவிப் போகும் நிலைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு வகுத்தல் கணக்கு என்பதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை. மாநில வாரியத்தில் படித்து என்.ஐ.டி.க்கு முயலும் மாணவர்களின் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு தேர்வுகளும் இரண்டு வேறு திறமைகளைக் கேட்கின்றன. மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு என்ற ஜே.இ.இ. முறைக்கு இரண்டு ஆண்டுகள் பழகிய கை, பொதுத்தேர்வில் வரையறையைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதவும், ஒவ்வொரு படிநிலையையும் காட்டவும் பொறுமையின்றித் தவித்தது. தமிழ் 62, ஆங்கிலம் 78, கணிதம் 82, இயற்பியல் 71, வேதியியல் 70, கணினி அறிவியல் 84 என்று வந்தது. நண்பர் ஒருவரின் மகளுக்கு நேர்மாறாக நடந்தது. பொதுத்தேர்வில் அள்ளிக் குவித்த அந்தப் பெண்ணுக்கு ஜே.இ.இ.யில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இலேயே ஒழிக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிப்பதால், அவளுக்கு நல்ல கல்லூரி எளிதாகக் கிடைத்தது. மாநிலக் கலந்தாய்வுக்கான என் மகனின் கட் ஆஃப் (கணித மதிப்பெண் முழுவதும், இயற்பியல், வேதியியலில் பாதி பாதியும் சேர்ந்தது) 200-க்கு 152.5. அதை வைத்துக்கொண்டு அவன் விரும்பிய கல்லூரிகளில் விரும்பிய பிரிவைக் கேட்கவே முடியாது. ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே வழி ஜோசா.

அந்த வழியில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு என்ன இடம் என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையிலேயே வாரியத் தேர்வுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது; 2017-இல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது வாரிய மதிப்பெண் தரவரிசையைத் தொடுவதில்லை, தகுதியை மட்டுமே முடிவு செய்கிறது. என்.ஐ.டி.களில் சேர 75 விழுக்காடு (பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 65) வேண்டும், அல்லது தத்தம் வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 பர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். கொரோனா ஆண்டுகளில் தளர்த்தியிருந்த இந்த நிபந்தனை 2023-இல் திரும்ப வந்துவிட்டது.

447-ஐ 600-ஆல் வகுத்தால் 74.5. அரை விழுக்காடு குறைகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கலந்தாய்வுக்கு ஆலோசனை சொல்லும் நிலையம் ஒன்றில் இருந்தவர், பட்டியலைப் பார்த்ததும் கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: "சார், நீங்களே பாருங்க. எழுபத்தஞ்சு இல்லை. என்.ஐ.டி.யை மறந்துட்டு வேற வழி பாருங்க." அவரை நம்பி விருப்பப் பட்டியலைப் பதியாமல் விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மகன்தான் விதிமுறைப் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டு வந்து, "அப்பா, ஆறு பாடத்தையும் கூட்டச் சொல்லவே இல்லை" என்றான்.

அவன் சொன்னது சரி. கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது ஐந்து பாடங்கள் மட்டுமே: இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழிப்பாடம், இவை நான்கும் அல்லாத வேறொரு பாடம். இரண்டு மொழிகள் படித்திருந்தால் எதில் மதிப்பெண் அதிகமோ அந்த மொழியை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மாநில வாரியத்தில் இரண்டு மொழிகளும் கட்டாயம் என்பதால் கூட்டுத்தொகை 600-க்கு வருகிறது. ஆனால் விதிப்படி தமிழின் 62 விலகி, 500-க்கு 385 ஆகிறது. அதாவது 77 விழுக்காடு.

பதிவு, விருப்பத் தேர்வு, ஒதுக்கீடு, கட்டணம் ஆகியவை தடையின்றி நடந்தன. சான்றிதழ்களைப் பதிவேற்றிய பிறகுதான் சரிபார்ப்பு அலுவலரிடமிருந்து வினவல் வந்தது: பிளஸ் டூ மொத்த விழுக்காடு 75-க்குக் குறைவாக உள்ளது, விளக்கம் தருக. அவரும் பட்டியலின் அடியில் இருந்த 447-ஐத்தான் பார்த்திருக்கிறார். உதவி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இடம் ஒதுக்கப்பட்ட நிறுவனத்துக்கே இரவு பேருந்தில் போய் நின்றால், எல்லாமே இணைய வழியில்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளி அலுவலகத்தில், ஆறு பாடத் திட்டம் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டபோது, "அப்படியெல்லாம் லெட்டர் கொடுக்கற வழக்கம் இல்லைங்க" என்பதுதான் பதில். இந்த அலைச்சல் எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை என்பதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயன்பட்டது ஒரே ஒரு தாள். அதன் மேல்பகுதியில் விதியின் வாசகத்தை அப்படியே, பிரிவு எண்ணோடும் பக்க எண்ணோடும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தோம். அதன் கீழே ஐந்து பாடங்களும் மதிப்பெண்களும் கொண்ட அட்டவணை. ஆறாவது வரியில் தமிழ், அதன் எதிரே "இரண்டாம் மொழி, குறைந்த மதிப்பெண், கணக்கில் சேராது" என்ற குறிப்பு. கடைசியில் 385/500 தடித்த எழுத்தில். அதனோடு மதிப்பெண் பட்டியலையும், அந்த விதி இருக்கும் பக்கத்தையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கிப் பதிவேற்றினோம். கெஞ்சலும் கிடையாது, நீண்ட கடிதமும் கிடையாது. மறுநாள் வினவல் தீர்க்கப்பட்டதாகத் திரையில் வந்தபோது, மகன் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளும் வரை வீட்டில் யாரும் பேசவில்லை.

வினவலுக்குப் பதிலளிக்க ஒவ்வொரு சுற்றிலும் தனியாக ஒரு கடைசி நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் ஒதுக்கிய இடம் ரத்தாகிவிடும், அடுத்த சுற்றுகளிலும் கலந்துகொள்ள முடியாது. குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல் தினமும் காலையிலும் மாலையிலும் கணக்கில் நுழைந்து பார்ப்பதே பாதுகாப்பு. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் இன்னொன்றையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்: மாநில அரசின் சாதிச் சான்றிதழ் இங்கே போதாது, மத்திய அரசின் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ வழங்கப்பட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மே மாதத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறைப் புத்தகத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் பார்த்து, ஒதுக்கீடு வருவதற்கு முன்பே உங்கள் தாளைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் நேரில் சேரும்போதும் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறார்கள். அங்கேயும் மேசைக்கு அப்பால் இருந்தவர் முதலில் 447-இன் மீதுதான் விரலை வைத்தார். கோப்பிலிருந்த அந்தத் தாளை எடுத்து நீட்டியதும் படித்துப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த சான்றிதழைக் கேட்டார்.