இன்சரெக்ஷன், ரெபெலியன், மியூட்டினி: தேர்வில் குழம்பாமல் இருக்க

சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டுகளில் இன்சரெக்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே 'கிளர்ச்சி' என்றிருக்கும். ரெபெலியனுக்கும் அதேதான், ரிவோல்ட்டுக்கும் அதேதான். கொடுத்த நான்கு விடைகளில் இந்த மூன்றும் வந்து நின்றால் அந்த நோட்டு கைகொடுக்காது. பொருளோடு சேர்த்து, எழுந்தது யார், யாரை எதிர்த்து, எவ்வளவு காலம் என்பதையும் எழுதி வையுங்கள்.

இன்சரெக்ஷனின் வேர் 'இன்சுர்கெரே' என்ற லத்தீன் வினை. 'சுர்கெரே' என்றால் எழுதல். முன்னால் நிற்கும் 'இன்' எதிர்த்து எழுவதைக் குறிக்கிறது. இன்கரெக்ட்டில் வரும் 'இல்லை' என்ற பொருள் இங்கே கிடையாது. சர்ஜ், இன்சர்ஜென்ட், ரிசர்ஜென்ஸ், ஈஸ்டர் நாளில் தேவாலயங்களில் கேட்கும் ரிசரெக்ஷன் எல்லாம் ஒரே குடும்பம். எழுத்துப்பிழைக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது: சர்ஜ் வகைச் சொற்களில் 'ஆர்' ஒன்று, ரெக்ஷன் என முடிபவற்றில் இரண்டு. உச்சரிப்பில் அழுத்தம் 'ரெக்' மீது விழும்.

ரெபெலியனில் இருப்பது 'பெல்லும்', அதாவது போர். மீண்டும் போர் தொடுப்பது என்பதே அதன் பழைய பொருள். மியூட்டினி தனி வகை. படைவீரர்களோ மாலுமிகளோ தங்கள் மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்து எழுந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். நம் மாவட்டத்துச் சங்ககிரியை வைத்தே இதை மனத்தில் பதிக்கலாம். 1805இல் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய் அல்ல, அதை எதிர்த்து நின்ற பாளையக்காரர். அவருடைய போரை ரெபெலியன், ரிவோல்ட் எனலாம், மியூட்டினி எனக் கூடாது. அடுத்த ஆண்டு, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் கம்பெனியின் சிப்பாய்களே. அது மியூட்டினி. 1857இல் சிப்பாய்களோடு விவசாயிகளும் அரச குடும்பத்தினரும் சேர்ந்தார்கள். அதை வெறும் மியூட்டினி என்று குறுக்குவது ஆட்சியாளர் பார்வை. கட்டுரைத் தாளில் ரிவோல்ட் என்று எழுதுவதே சரி.

இன்சரெக்ஷன் என்பது நிறுவப்பட்ட அரசை எதிர்த்து வெளிப்படையாக, வன்முறையோடு எழுவது. இன்சர்ஜென்சி ஆண்டுக்கணக்கில் நீளும் ஆயுதப் போராட்டம். பத்திப் புரிதல் கேள்விகளில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் கேப்பிடல் கட்டடம் தாக்கப்பட்டதைப் பற்றிய செய்திகளில் இன்சரெக்ஷன் அடிக்கடி வந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் 'இன்சரெக்ஷன் அல்லது ரெபெலியன்' என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறது.

நம் அரசியலமைப்பில் பிடித்துக்கொள்ள வேண்டியது பிரிவு 352. நெருக்கடிநிலை அறிவிக்க 'உள்நாட்டுக் குழப்பம்' என்றிருந்த காரணத்தை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தச் சட்டம் 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றியது. ஆங்கில மூலத்தில் அது ஆர்ம்டு ரெபெலியன். விடைகளில் ஆர்ம்டு இன்சரெக்ஷன் இருந்தால் ஏமாற வேண்டாம்.

வாக்கியத்தில் எழுதும்போது இன்சரெக்ஷனுக்குப் பின் 'அகெய்ன்ஸ்ட்' வரும். அடக்குவதற்கு 'சப்ரஸ்', 'குவெல்', 'புட் டவுன்', தூண்டுவதற்கு 'இன்சைட்'. இதற்கு வழக்கிலுள்ள வினைவடிவம் இல்லை, வினை தேவைப்பட்டால் ரிபெல் அல்லது ரிவோல்ட் எழுதுங்கள். ரிபெல் வினையானால் அழுத்தம் இரண்டாம் அசையில், பெயரானால் முதல் அசையில். ரிவோல்ட்டிங் என்பது பெரும்பாலும் 'அருவருப்பான' என்ற பொருளில்தான் வரும். எதிர்ச்சொல் கேள்வியில் இது நல்ல பொறி.

செடிஷன் இவற்றோடு சேராது. அரசுக்கு எதிராகப் பேச்சாலோ எழுத்தாலோ தூண்டுவது அது. ஆயுதம் ஏந்தி எழுவது அல்ல. பழைய வினாத்தொகுப்புகளில் இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ என்றிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தச் சொல் இல்லை, பிரிவு 152 இருக்கிறது. நோட்டில் இரண்டையும் ஆண்டோடு குறித்துக்கொள்ளுங்கள்.