பென் டிரைவைச் செருகினால் சிஸ்டம் வேகமாகுமா?

பழைய கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவைச் செருகினால் போதும், வேகம் ரெண்டு மடங்கு ஆகிவிடும் என்று சொல்லும் வீடியோ ஒன்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் சொந்தத்தில் யாராவது அதை எனக்கு அனுப்பி "இது நிஜமாப்பா?" என்று கேட்பார்கள். பாதி நிஜம். அந்தப் பாதி எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் புதுசு வாங்க வழியில்லாத எத்தனையோ பேருக்கு உபயோகமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

அந்த வீடியோக்கள் காட்டும் வசதியின் பெயர் ரெடிபூஸ்ட். மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் விஸ்டாவோடு கொண்டுவந்தது, விஸ்டா பொதுமக்களுக்குக் கடைக்கு வந்தது 2007 ஜனவரி கடைசியில். அப்போது வீட்டில் இருந்த மெஷின்களில் 512 எம்பி ரேம் (புரோகிராம் ஓடும்போது தகவல் தங்கும் தற்காலிக நினைவகம்) சர்வ சாதாரணம், 1 ஜிபி இருந்தால் நல்ல சிஸ்டம். விஸ்டாவோ ரேமை விழுங்கும். ரேம் விலையும் அதிகம், அதை மாட்டக் கேபினெட்டைத் திறக்கவும் வேண்டும். பென் டிரைவ்தான் அந்த நேரத்தில் மளமளவென்று விலை இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோர் கையிலும் இருக்கும் அந்தச் சின்னப் பொருளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்ததில் வந்தது இது. எனக்கு இப்போதும் அது நல்ல யோசனையாகவே படுகிறது.

ஏன் நல்ல யோசனை என்று புரிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். உள்ளே தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு கை அங்கும் இங்கும் ஓடிப் படிக்கிறது. டெஸ்க்டாப்பில் வரும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று. வேண்டிய இடம் கைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும், அதுக்கே 4 மில்லிநொடி போய்விடும். கை அந்த வரிசைக்கு நகர இன்னொரு 9 மில்லிநொடி. ஆக ஒரு துண்டைத் தேடிப் படிக்க 13 மில்லிநொடி என்றால் நொடிக்கு 75 துண்டுதான் தேறும். ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்று வைத்தால் மொத்தம் நொடிக்கு 300 கேபி! அதே டிஸ்க்கில் ஒரு சினிமாவை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 80, 100 எம்பி கூட வரும். டிஸ்க் மெதுவான ஆள் கிடையாது, அதை அலையவிட்டால்தான் திணறுகிறது. ஒரு புரோகிராமைத் திறப்பது என்பது முழுக்க அப்படி அலையவிடும் வேலை: எங்கெங்கோ கிடக்கும் நூலகக் கோப்பு, ஃபான்ட், ஐகான், செட்டிங் என்று நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகள். கேபினெட்டிலிருந்து வரும் அந்த 'கரக் கரக்' சத்தம் அந்தக் கை ஓடுகிற சத்தம்தான்.

பென் டிரைவில் ஓடுவதற்குக் கையே இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு மில்லிநொடி வாக்கில் எடுத்துத் தந்துவிடும். ஆனால் பெரிய கோப்பை வரிசையாகப் படிப்பதில் யுஎஸ்பி 2.0 பென் டிரைவ் நொடிக்கு 30 எம்பியைத் தாண்டவே சிரமப்படும், அங்கே ஹார்ட் டிஸ்க்தான் ராஜா. ரெடிபூஸ்ட் செய்வது இந்த ரெண்டையும் பிரித்துக் கொடுப்பதுதான். அடிக்கடி தேவைப்படும் துண்டுகளின் நகலைப் பென் டிரைவில் வைத்துக்கொள்கிறது. சின்னத் துண்டு கேட்டால் பென் டிரைவிலிருந்து, பெரிய நீளக் கோப்பு கேட்டால் டிஸ்க்கிலிருந்து. கடுகும் சீரகமும் அடுப்பு மேடையில் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும், அரிசி மூட்டை உள்ளறையிலேயே கிடக்கும், அந்த மாதிரி. எதெல்லாம் அடிக்கடி வேண்டியிருக்கிறது என்று பழக்கத்தைப் பார்த்துக் கணித்துச் சொல்வது விஸ்டாவிலேயே வந்த சூப்பர்ஃபெட்ச் என்ற இன்னொரு பகுதி. அதனால்தான் பென் டிரைவைப் புதிதாகப் போட்ட உடனே பெரிதாக எதுவும் தெரியாது. சிஸ்டத்தைக் கொஞ்ச நாள் புழங்க வேண்டும்.

இங்கேதான் வீடியோக்கள் தப்பாகச் சொல்கின்றன. பென் டிரைவ் ரேம் ஆகாது. டிடிஆர்3 ரேம் நொடிக்கு 10 ஜிபி அளவில் தரும், பென் டிரைவ் தருவது 30 எம்பி. பக்கத்தில்கூட வைத்துப் பேச முடியாது. உங்கள் 2 ஜிபி ரேம் 2 ஜிபியாகவேதான் இருக்கும். டிஸ்க் வரைக்கும் போய் அலைய வேண்டிய தடவைகள் குறையும், கிடைக்கும் வேகம் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ்ஃபைல் என்ற கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றச் சொல்லும் குறிப்புகளும் எக்ஸ்பி காலத்திலிருந்தே சுற்றுகின்றன. அதைத் தொடவே தொடாதீர்கள். பேஜ்ஃபைலில் இருப்பது ரேமிலிருந்து வெளியேற்றப்பட்ட தகவல், அதற்கு வேறு பிரதி கிடையாது. குழந்தை யாராவது பென் டிரைவைப் பிடுங்கினால் சிஸ்டம் அந்த இடத்திலேயே படுத்துவிடும். ரெடிபூஸ்ட்டில் அந்தப் பயமே இல்லை. பென் டிரைவில் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் மூலம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், பிடுங்கினால் பழைய வேகத்துக்குப் போகும், அவ்வளவே. பென் டிரைவை யாராவது எடுத்துப் போய் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமே என்ற கேள்விக்கும் அப்போதே யோசித்திருக்கிறார்கள். எல்லாம் ஏஇஎஸ் 128 பிட்டில் மறையாக்கம் செய்துதான் எழுதப்படுகிறது. சுருக்கியும் எழுதுகிறது, பெரும்பாலும் பாதியாகச் சுருங்கும் என்பதால் 4 ஜிபி இடத்தில் 8 ஜிபி அளவுக்கான தகவல் உட்காரும். பென் டிரைவைத் திறந்து பார்த்தால் ரெடிபூஸ்ட்.எஸ்எஃப்கேஷ் என்ற ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

எல்லாப் பென் டிரைவையும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது. விஸ்டாவில் வைத்த பரீட்சை இது: குறைந்தது 256 எம்பி இடம், 4 கேபி துண்டுகளை ஒழுங்கில்லாமல் அங்கங்கே படிப்பதில் நொடிக்கு 2.5 எம்பி, 512 கேபி துண்டுகளை அதே மாதிரி எழுதுவதில் நொடிக்கு 1.75 எம்பி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் 2.5 எம்பியை 4 கேபியால் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 640 துண்டு. டிஸ்க்கின் 75 எங்கே, இது எங்கே! எட்டு மடங்குக்கு மேல். பென் டிரைவின் அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண் எல்லாம் வரிசையாகப் படிக்கும் வேகம், இந்தப் பரீட்சைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. 'வேகம்' என்று எழுதி விற்கும் பென் டிரைவே இதில் தோற்பதுண்டு.

தோற்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் இடம்) போய் அந்த வேக எண்களைத் திருத்தி, பாஸ் ஆனதாக எழுதிவிடும் ஒரு தந்திரம் இருக்கிறது, இஎம்டிஎம்ஜிஎம்டி என்ற கீயின் கீழ். அதனால் பென் டிரைவ் வேகமாகாது, டிஸ்க்கைவிட மந்தமான ஒன்றின் முன்னால் சிஸ்டம் போய்க் காத்து நிற்கும். வேண்டாம். நடைபாதையில் மலிவாக விற்கும் 'ஒரு டிபி' பென் டிரைவும் வேண்டாம். உள்ளே சில ஜிபி மட்டும் வைத்துவிட்டு, ஒரு டிபி என்று காட்டும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மை அளவு தெரிந்துவிடும்.

இது நிஜமாக உதவியதை நான் பார்த்தது என் மாமாவின் ஜெராக்ஸ் கடையில். அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். டிடிஆர்2 போர்டு, ரெண்டு ஸ்லாட்டில் ஒன்று செத்துவிட்டது, அதனால் ரேம் ஏற்ற வழியில்லை. வாசலில் ஆள் நிற்க நிற்க பேஜ்மேக்கரைத் திறந்து, பாமினி ஃபான்ட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையோ காதுகுத்து அழைப்போ அடிப்பார். நடுவில் ஸ்கேனரைத் திறப்பார், பிறகு வேர்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும், கஸ்டமர் மணியைப் பார்ப்பார். "புதுசு வாங்கச் சொல்லாத மாப்ள, வேற வழி இருந்தா சொல்லு" என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார்.

ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி டேபில் ஹார்ட் ஃபால்ட்ஸ் கிராஃபை (வேண்டியது ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போன தடவைகள்) பார்த்தேன். புரோகிராம் மாறும்போதெல்லாம் மேலே முட்டி நின்றது. டிஸ்க் டேபில் காத்து நிற்கும் வேலைகளின் க்யூ நீளமும் அப்படியே. பிராசஸர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தது. ரெடிபூஸ்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நோயாளி கிடைக்காது. நல்ல கம்பெனி 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து (ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, மீதி இடம் வீண்) பின்பக்கப் போர்ட்டில், போர்டிலேயே இருக்கும் யுஎஸ்பியில் செருகினேன். முன்பக்கம் செருகினால் காலோ பையோ தட்டும். மை கம்ப்யூட்டரில் அந்த டிரைவை ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ரெடிபூஸ்ட் டேப், 'டெடிகேட் திஸ் டிவைஸ்', ஓகே. வேறு எந்த மென்பொருளும் வேண்டாம், பணம் கேட்கும் 'பூஸ்டர்' எதையும் இறக்க வேண்டாம்.

காலையில் சிஸ்டம் ஆன் ஆகும் நேரத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனால் சில நாளில் பேஜ்மேக்கரிலிருந்து வேர்டுக்குத் தாவும்போது பென் டிரைவின் நீல விளக்கு படபடவென்று அடிக்கும், கரக் கரக் சத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும், விண்டோ வந்து நிற்கும். மாமாவுக்கு அந்த நீல விளக்கு மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது, "ஓடுது பாரு" என்பார். போட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் டிசைனைத் திறந்தால் மட்டும் பழைய கதைதான். அங்கே வேண்டியது நிஜ ரேம்.

சரி, யாருக்கு இது உதவாது? எஸ்எஸ்டி (சுற்றும் தட்டும் கையும் இல்லாத, சிப்பிலேயே தகவல் வைக்கும் டிஸ்க்) போட்ட எந்த மெஷினுக்கும் உதவாது. அந்த ரெடிபூஸ்ட் டேபில் போய்ப் பார்த்தாலே, இந்தக் கம்ப்யூட்டர் போதுமான வேகத்தில் இருக்கிறது, ரெடிபூஸ்ட்டால் கூடுதல் பயன் இருக்காது என்று விண்டோஸே சொல்லிவிடும். 8 ஜிபி ரேம் இருந்தாலும் அனேகமாக வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் பென் டிரைவில் வைக்க வேண்டியதை ரேமே வைத்துக்கொள்ளும். பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைத்துவிட்டு ஹேங் ஆகிறது என்பவர்களுக்கும் இது மருந்தில்லை. விண்டோஸ் 10 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள், டிஸ்க் ஹெச்டிடியா (தட்டு சுற்றும் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஹெச்டிடி, 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ரேம் 4 ஜிபிக்குள் என்றால் முயற்சி செய்து பார்க்கலாம். வேறு மாதிரி என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முயற்சிக்கப் போகிறவர்களுக்கு அளவு பற்றி ஒரு வார்த்தை. ரேம் எவ்வளவோ அதே அளவிலிருந்து இரண்டரை மடங்கு வரை ஒதுக்குவது நல்லது என்பது அப்போது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. விண்டோஸ் 7-இலிருந்து ஒரே சமயத்தில் எட்டு டிரைவ் வரை போடலாம், ஒவ்வொன்றிலும் 32 ஜிபி வரை. 2 ஜிபி மெஷினுக்கு அந்த எட்டும் தேவையே இல்லை, ஒன்றே ஒழுங்காக இருந்தால் போதும்.

ஆனால் கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் என் சிபாரிசு ரெடிபூஸ்ட் கிடையாது, ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் கேபிள் வகை). சாட்டா டிஸ்க் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் அதே கேபிளிலேயே மாட்டிவிடலாம், லேப்டாப்பில் பெரும்பாலும் சில ஸ்க்ரூக்கள் கழற்றும் வேலைதான். ரெடிபூஸ்ட் சின்னத் துண்டுகளுக்குச் செய்வதை எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் செய்யும், ஆன் ஆகும் நேரம் உட்பட. மாமா கடையிலும் கடைசியில் அதுதான் வந்தது, பென் டிரைவ் அதுவரை கடையை ஓட்டிக் கொடுத்தது.

காசே செலவழிக்க முடியாது, மெஷினும் ரொம்பப் பழசு என்றால் அதே பென் டிரைவுக்கு இன்னொரு நல்ல வேலை இருக்கிறது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடும் முடிந்துவிட்டது. அப்டேட் நின்றுபோன சிஸ்டத்தில் பேங்க் வேலை பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் பப்பி லினக்ஸ் மாதிரி ஒரு சின்ன சிஸ்டத்தை ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே பூட் செய்யலாம். பப்பி சில நூறு எம்பிதான். ரேம் இடம் கொடுத்தால் முழுசாக ரேமுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதன் பிறகு புரோகிராம் திறக்க டிஸ்க்கைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்க் கெட்டுப்போய் மூலையில் போட்ட லேப்டாப்பைக்கூட இப்படி எழுப்பலாம். வீட்டில் 2011 வாக்கில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் கிடந்தால் அதில் செய்து பாருங்கள், ஆன் ஆகும்போது எஃப்12 அல்லது எஃப்2 தட்டி யுஎஸ்பியை முதலில் வரும்படி வைக்க வேண்டும். ஷட் டவுன் கொடுக்கும்போது செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லிப் பென் டிரைவிலேயே சேமித்துவிடுங்கள், டிஸ்க்கில் இருக்கும் பழைய போட்டோக்களை அது தொடாது.