குவாங்சோவில் முதலில் சூப், அப்புறம்தான் சோறு

நம்மூரிலிருந்து தென்சீன நகரமான குவாங்சோவுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் வியாபாரிகள். 1957 முதல் அங்கே நடந்துவரும் கான்டன் வணிகக் கண்காட்சிதான் காரணம். என் கணவரும் அதற்காகத்தான் அக்டோபரில் கிளம்பினார், நானும் சேர்ந்துகொண்டேன். அவர் கண்காட்சி நடக்கும் பாஜோ பகுதியில் அரங்கம் அரங்கமாக நடந்துகொண்டிருந்தபோது எனக்கு வேறொரு நல்வாய்ப்பு கிடைத்தது. அவரோடு தொழில் செய்பவரின் அம்மா என்னைத் தன் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டார். அவருக்குக் கான்டனீஸ்தான் பேச்சு. பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

முதலில் சந்தை. ஹுவாங்ஷா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஷாமியான் தீவுக்கு எதிரே சிங்பிங் சந்தை. மூட்டை மூட்டையாக உலர் காளான், காய்ந்த சிவப்பு இலந்தை, கோஜிப் பழம், சிப்பிக் கருவாடு என்று தெரு முழுக்க ஒரு கலவையான வாசனை. அந்த அம்மா வாங்கியது கொஞ்சம்தான்: ஒரு பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) கருவாடு, ஒரு கை இலந்தை, அப்புறம் ஆரஞ்சுத் தோல். இந்தத் தோல் சாதாரணப்பட்டதல்ல. பக்கத்து ஊரான சின்ஹுயில் விளையும் பழத்தின் தோலைக் காயவைத்து, குறைந்தது 3 ஆண்டு பழசாக்கி விற்கிறார்கள். முகர்ந்து பார்த்தேன். புளிப்பு போய், மருந்துக் கடை வாசமும் பழ வாசமும் சேர்ந்து வந்தது.

தாமரைக் கிழங்கு வாங்கத்தான் நேரமெடுத்தது. ஏழு துளை உள்ளது மாவாக வேகும், சூப்புக்கு. ஒன்பது துளை உள்ளது நறுக்கென்று இருக்கும், வதக்கலுக்கு. அப்படித்தான் அங்கே கணக்கு. நான்ஷா பக்கத்துக் கிழங்கு, சேறு அப்பியபடியே இருந்தது. கழுவாததுதான் புதுசு என்று அதையே எடுத்தார்.

குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்து வீடுகளில் என்ன சூப் என்பதைப் பருவம்தான் முடிவு செய்கிறது. கோடைப் புழுக்கத்தில் வெண்பூசணி. இலையுதிர் காலம் வந்துவிட்டால் காற்று வறண்டு தொண்டை காயும், அப்போது தாமரைக் கிழங்கு. எது சூடு, எது குளிர்ச்சி என்ற பேச்சு அந்த வீட்டிலும் ஓயாமல் நடக்கிறது. இலந்தையின் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் போட்டார், கொட்டை சூடாம். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பன்றி எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டார். சாம்பல் நிறத்தில் அழுக்கு நுரை திரண்டு வந்தது. அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டு எலும்பை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். சூப் தெளிவாக வருவதும் கவிச்சி இல்லாமல் இருப்பதும் இந்த ஒரு வேலையால்தான். பிறகு மண்சட்டியில் எலும்பு, ஊறவைத்த கருவாடு, தோலோடு வேர்க்கடலை, இலந்தை, உள்பக்க வெள்ளையைச் சுரண்டிய ஆரஞ்சுத் தோல். கடைசியாகத் தாமரைக் கிழங்கு. துண்டைப் பிரிக்கும்போது மெல்லிய நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீரை முதலிலேயே முழுசாக ஊற்றிவிட வேண்டும், நடுவில் சேர்க்கக் கூடாது. தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து மூன்று மணி நேரம். உப்பு, அடுப்பை அணைக்கப்போகும்போதுதான். மிளகு, மசாலா எதுவும் இல்லை.

சூப் கொதிக்கும்போதே ஆவியில் வேகவேண்டியவை தயாராயின. கத்தரிக்காயை நீளமாகப் பிளந்து வேகவைத்து, சாப்ஸ்டிக்கால் கிழித்து, மேலே சோயா சாஸ். முட்டைக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, வடிகட்டி, தட்டால் மூடி, இளந்தீயில் ஆவி. இவை சுலபம். என்னைக் கட்டிப்போட்டது சீன முட்டைக்கோஸ்தான். தட்டில் பாசிப்பயறு மாவு நூடுல்ஸ், அதன்மேல் கோஸ், அதன்மேல் பூண்டு. அந்தப் பூண்டில்தான் விஷயம்: பாதியைப் பொன்னிறமாகப் பொரித்து, மீதிப் பாதியைப் பச்சையாகவே கலக்கிறார். ஒன்று இனிப்பு, இன்னொன்று காரம். எட்டு நிமிடம் வெந்ததும், வெங்காயத்தாள் தூவி, புகை வரக் காய்ந்த எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றினார். நாம் ரசத்தில் தாளித்துக் கொட்டும்போது வருகிற அதே சொர்ர் சத்தம். கோஸ் விட்ட தண்ணீரையும் பூண்டுச் சாற்றையும் நூடுல்ஸ் குடித்துவிடுகிறது. என் கணக்கில் அன்றைய சாப்பாட்டில் அடியில் கிடந்த அந்த நூடுல்ஸுக்குத்தான் முதலிடம்.

சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைக் கண்ணில் காட்டவில்லை. முதலில் ஆளுக்கொரு கிண்ணம் சூப். செம்பழுப்பு நிறம், குடிக்கும்போது கிழங்கின் லேசான இனிப்பு, விழுங்கிய பிறகு கருவாட்டின் ஆழம். உதடு கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. சட்டியில் மிஞ்சிய எலும்பும் கிழங்கும் தனித் தட்டில் வந்தன, சோயா சாஸில் தொட்டுக்கொள்ள. சோறும் மற்றவையும் அதன் பிறகுதான்.

சைனீஸ் என்றால் சிவப்பு நிறமும் சோளமாவும் என்று நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சாப்பாட்டை ஒருமுறையாவது போட்டுக்காட்ட வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எலும்பையும் கருவாட்டையும் விட்டுவிட்டு, உலர் ஷிட்டாகே காளானும் காராமணியும் கூடுதல் வேர்க்கடலையும் போடலாம். காளான் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதிலும் சுவை இருக்கிறது. ஆவிக்கு நம் இட்லிப் பானையே போதும், தட்டு உள்ளே இறங்கினால் சரி. வீட்டுக்கு அழைக்க அங்கே யாரும் இல்லாதவர்கள், மூடி போட்ட சிறு பீங்கான் கிண்ணத்தில் சூப் விற்கும் கடைகளைத் தேடுங்கள். குவாங்சோவில் நிறைய இருக்கின்றன. ஆரஞ்சுத் தோல் வாங்கினால் எத்தனை வருடத்துத் தோல் என்று கேட்டே வாங்குங்கள், வயது ஏற ஏற விலையும் ஏறும். சூப்புக்கு 3 வருடத்துத் தோலே தாராளம்.