சோறு வேகலையா? விறகைத் திட்டுங்க!

ஐப்பசி மாசம் ஏற்காட்டில் ஒரு காதுகுத்து. முதல் நாள் சாயங்காலமே பந்தலுக்குப் பின்னால் தகராறு. சேலத்திலிருந்து வந்த சமையல் மாஸ்டருக்குக் கருவேலங்கட்டைதான் வேண்டும். வீட்டுக்காரர் எஸ்டேட் ஆள். ஷெட்டில், எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் கட்டை கூரை முட்ட அடுக்கிக் கிடக்கிறது.

"ஏனுங்க, இது காகிதமாட்டம் பத்திக்கிட்டுப் போயிருமுங்க. அண்டா சூடாகறதுக்குள்ள கட்டை காலியாயிரும்."

"ஏன் மாஸ்டரு, மலையில இருக்கறவங்க எல்லாம் பச்சையாவா தின்னுட்டிருக்கறோம்?"

நடுவில் தாய்மாமன் புகுந்தார். "விறகு என் செலவு, விடுங்க மச்சான்" என்று அடிவாரத்துப் பக்கம் ஒரு விறகுக் கடைக்குப் போன் போட்டு, ஒரு டன் கருவேலம் சொல்லிவிட்டார். மோதிரம், பட்டு, பழத்தட்டோடு கருவேலமும் சீர்வரிசையில் சேர்ந்தது.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த கட்டை, விடியற்காலை அடுப்பில் வைத்ததும் தன் குணத்தைக் காட்டியது. முன்முனை கருகுகிறது, எரியவில்லை. அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்முனையில் வெள்ளை நுரை பொங்கி, 'உஸ்ஸ்' என்று சொட்டுகிறது. பந்தல் முழுக்கப் புகை. காது குத்தப் போகும் குழந்தைக்கு முன்னால் தாய்மாமன்தான் அன்றைக்குக் கண்ணைக் கசக்கினார்.

மாஸ்டர் மரத்தைப் பார்த்தார், ஈரத்தைப் பார்க்கவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு கிலோவுக்குக் கிலோ நிறுத்து எரித்தால் கருவேலம், சவுக்கு, புளி, மா, சில்வர் ஓக் எதற்குமே பெரிய வித்தியாசம் கிடையாது. சொட்டு ஈரமில்லாத கட்டை ஒரு கிலோ, ஏறக்குறைய 4,400 கிலோ கலோரி தரும். வெயிலில் காய்ந்த விறகிலும் 20 சதவீதம் தண்ணீர் இருக்கும். அதில் கிடைப்பது 3,400. வெட்டி இரண்டு நாள் ஆன கருவேலத்தில் 40 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள், 2,400க்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் அந்தக் கட்டையே கொடுத்தாக வேண்டும். ஒரு டன்னில் 400 லிட்டர் தண்ணீர். காசு கொடுத்து, லாரி வாடகையும் கொடுத்து, மழை பெய்கிற மலைக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார் மாமன்.

அண்டாக் கணக்கிலேயே பார்க்கலாம். 50 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 95க்குக் கொண்டுபோக 3,750 கிலோ கலோரி வேண்டும். கல் வைத்த திறந்த அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது 15 சதவீதம்தான். மீதி காற்றுக்கும் மாஸ்டரின் முழங்காலுக்கும். ஆக, காய்ந்த விறகு 7 கிலோவுக்குச் சற்று மேல், ஈர விறகு 10 கிலோவுக்கு மேல். அதுவும் காகிதக் கணக்கு. நிஜத்தில் ஈரக்கட்டை அடுப்பின் சூட்டையே இறக்கிவிடுவதால், மரத்திலிருந்து கிளம்பும் வாயு தீப்பிடிக்காமல் புகையாகவே போய்விடும். கண்ணைக் கரிக்கிற அந்தப் புகைதான் எரிய வேண்டிய விறகு.

சரி, கருவேலத்துக்கு நல்ல விறகு என்ற பேர் எப்படி வந்தது? கனத்தால். ஒரு கன மீட்டர் முழுக்கட்டை 800 கிலோ பக்கம் வரும். சில்வர் ஓக் 600 பக்கம் நின்றுவிடும். ஒரே பருமன் கட்டை வைத்தால் கருவேலம் கூடுதல் நேரம் நிற்கும், எரிந்த பின் கங்கும் நிறைய. தம் போடவும், சாம்பாரைச் சூடாகவே வைத்திருக்கவும் அது வேண்டும். உலை சீக்கிரம் கொதிக்க வேண்டுமானால் மணிக்கட்டுப் பருமனில் பிளந்த சில்வர் ஓக்கே போதும். முருங்கையைப் பற்றிப் பேச வேண்டாம். அதை ஏற்றி வந்த வண்டிக்குத்தான் நஷ்டம். வேலியோரத்து அரளியைப் பற்ற வைக்க ஒடித்து வந்த பையனை மாஸ்டர் விரட்டினார் பாருங்கள், அது நூற்றுக்கு நூறு சரி. அரளிப் புகையும் விஷம்.

எடைக்கு வாங்கினால் தண்ணீரில் ஏமாறுவோம், லோடு கணக்கில் வாங்கினால் அடுக்கின் சந்தில் ஏமாறுவோம். முனையில் வெடிப்பு தெரிந்தால் காய்ந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். முனைதான் முதலில் காயும். ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம். இரண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'தொப்' ஆகாது. சந்தேகம் தீரவில்லையா, நடுக்கட்டையில் 500 கிராம் சிலாம்பு வெட்டி, 105 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை வையுங்கள். 400 கிராமில் நின்றால் 20 சதவீதம், தாராளமாக வாங்கலாம்.

கடைசியில் ஷெட்டு சில்வர் ஓக்தான் பந்தியைக் காப்பாற்றியது. அப்படியும் சோறு அரை வேக்காடாக நிற்க, மாஸ்டர் மறுபடி விறகைத் திட்டினார். இந்தத் தடவை விறகு நிரபராதி. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், சேலத்தில் 99. அடுப்பில் இன்னும் நாலு கட்டை திணித்தால் ஆவிதான் கூடும், ஒரு டிகிரிகூட ஏறாது. அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டு, கூடுதல் நேரம் விடுவதுதான் வழி. பருப்புக்குக் குக்கர்.

மிஞ்சிய கருவேலம் 400 கிலோ. ஷெட்டில் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, கோடை முடிந்ததும் வந்த விலைக்குத் தள்ளலாம் என்று மாமன் அதே கடைக்கே திருப்பிக் கொண்டுபோனார். எடை மேடையில் 300தான் காட்டியது.

கடைக்காரர் சீட்டையும் மாமனையும் மாறி மாறிப் பார்த்தார். "நூறு கிலோவை எரிச்சுட்டு நானூறுன்னு சொல்றீங்களேங்க!"