புரிஞ்சுதான் இருந்துச்சு

"புரிஞ்சுதா, புரியலையா அண்ணா?"ன்னு எங்க லேப் பொண்ணு கேட்டது இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. புரிஞ்சுதும்மான்னேன். "அப்புறம் ஏன் புரியலன்னு எழுதினீங்க?"

சீகை மரத்தடியில, அதான் வாட்டில்ங்கற வெளிநாட்டு மரம், நம்ம சோலைக்காட்டு மரக் கன்னு முளைக்குதான்னு ஒரு ஆராய்ச்சிப் பேப்பர், இதழ்ல போடலாமான்னு பாத்துச் சொல்ல எனக்கு ரிவ்யூவுக்கு வந்தது, யாரோடதுன்னு அவகிட்டயும் சொல்லல. அதுல 'சீட்லிங்ஸ் வேர் நாட் கேம்'னு ஒரு வரி. கன்னு வரலன்னு நாம ஃபீல்டுல பேசற பேச்சு அப்படியே இங்கிலீஷ் சட்டை போட்டுட்டு நிக்குது, ஒரு செகண்ட் கூட தடுமாறல நான். அப்படியும் "மொழி சரியில்லை, ஆங்கிலம் தாய்மொழியா உள்ளவரிடம் காட்டித் திருத்தவும்"னு போட்டு அனுப்பிட்டேன்.

இதே வரி என் முதல் பேப்பருக்கு வந்துச்சு. ஊட்டியில அப்படி ஒரு ஆள நான் எங்க போய்த் தேடறது, கடைசியில எடிட்டிங்குக்கே ஒரு மாச ஃபெலோஷிப்ல பாதி போச்சு. 2023ல பிளாஸ் பயாலஜிங்கற ஆராய்ச்சி இதழ்ல வந்த சர்வே, 8 நாட்டுல 908 பேர்கிட்ட கேட்டது, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத நம்மள மாதிரி ஆளுங்க பேப்பர் மொழிக்காக ரிஜெக்ட் ஆனது ரெண்டரை மடங்கு அதிகம்னு சொல்லுதே, அதை எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணினதும் நான்தான்.

ஆனா என் பக்கமும் நியாயம் இருக்கு. 'வாட்டில் ப்ளாட்ஸ் வேர் ரிமூவ்டு'ன்னு இன்னொரு வரி. ப்ளாட்னா ஆய்வுக்குன்னு அளந்து குறிச்ச துண்டு நிலம். சீகையை வெட்டி எடுத்தாங்களா, அந்த ப்ளாட்டையே கணக்குல விட்டுட்டாங்களா? வெட்டணுமா, நிழலுக்கு விட்டு வெச்சா சோலை தானா வருமான்னு இத்தனை வருஷமா இங்க நடக்கற வாதமே அதானே, அந்த இடத்துல மொழி தெளிவா இல்லன்னா எப்படி ஒத்துக்கறது? சரி, அப்ப அந்த ஒரு கேள்வியை நேரா கேட்டிருக்கலாம்ல. கேக்கல. ராத்திரி பதினோரு மணி, கெடு முடியுது, அந்தப் பொதுவான வரி கைக்கு ஈசியா வந்துச்சு. எனக்கு ரிவ்யூ பண்ணினவருக்கும் அப்படித்தான் வந்திருக்குமோ என்னவோ.

போன வாரம் திருத்தின பேப்பர் வந்துச்சு. வழவழன்னு இங்கிலீஷ், காசு குடுத்து யாரோ பாத்திருக்காங்க. 'ரிமூவ்டு' இப்போ 'எக்ஸ்க்ளூடட்' ஆயிடுச்சு, கணக்குல விட்டாச்சுன்னு அர்த்தம். ஆனா டேபிள்ல பாத்தா 12 ப்ளாட்டும் அப்படியே இருக்கு.

சீகையை வெட்டினீங்களா, ப்ளாட்டை விட்டீங்களான்னு இந்த தடவை நேரா கேட்டு எழுதி வெச்சிருக்கேன், இன்னும் அனுப்பல.