ஜமாபந்தி நாளில்

எங்கள் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது; பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக்கொண்டு வந்தவர்கள் காலையிலிருந்தே வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள். உழவரிடம் நேரடியாக நிலவரி வாங்குவதற்கென்று தாமஸ் மன்றோ காலத்தில் சென்னை மாகாணத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறையில், கிராமக் கணக்குகளை மேலதிகாரி ஆண்டுக்கொருமுறை தணிக்கை செய்த ஏற்பாடுதான் இது. 1980இல் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நிலத்தையும் பயிரையும் பதியும் அடங்கல் ஏடும், வருவாய்க் கணக்குக்கென்று ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டும் (அது முகலாயர் வைத்த கணக்கு, வெள்ளையர் விட்டுவைத்தனர்) அப்படியே நிற்கின்றன. வரி வசூலிப்பவர் என்று பொருள்படும் 'கலெக்டர்' தமிழில் 'ஆட்சியர்' ஆகிவிட்டார். நிலவரி இன்று அரசின் வருவாயில் அற்பமான பங்கு. ஆனாலும் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் நாம் போய் நிற்பது, வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரிடம் அல்ல, அந்த வருவாய்த் துறையிடமே.